கூப்பர்ஸ்டவுனில் யாருக்கு இடம்?

கேள்வி: நாங்கள் பல ஆண்டுகளாக மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு பேஸ்பால் என்றால் உயிர். ஒவ்வொரு ஜனவரியிலும், தலைசிறந்த பேஸ்பால்காரர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமின் தேர்வு முடிவுகள் வரும்போது எங்களுக்குள் வாக்குவாதம் முற்றிவிடுகிறது. பேரி பாண்ட்ஸையும் பீட் ரோஸையும் வெளியே நிறுத்தியிருப்பது அநியாயம் என்கிறான் அவன். ஏமாற்றியவர்களுக்கு மரியாதை எதற்கு என்கிறேன் நான். இந்த முறை பேச்சுவார்த்தையே நின்றுபோனது. யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, நீங்கள் இருவரும் ஒரே வழக்கைப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, தனித்தனியே விசாரிக்க வேண்டியவற்றைச் சேர்த்துக் குழப்பியிருக்கிறீர்கள் என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

ரோஸின் விஷயத்தில் நான் தயக்கமின்றி உங்கள் பக்கம் நிற்கிறேன். அவருடைய 4,256 ஹிட்டுகளை (பந்தை அடித்துவிட்டு, ஓடித் தொட வேண்டிய நிலையான பேஸை எட்டுவது) அமெரிக்காவின் மேஜர் லீக்கில் இன்றுவரை யாரும் எட்டவில்லை. ஆயினும் தாம் மேலாளராக இருந்த அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதற்காக 1989இல் தடை செய்யப்பட்டு, 2004இல்தான் அதை ஒப்புக்கொண்டார். அவர் இறந்தபின் 2025 மே மாதத்தில் அந்தத் தடை நீக்கப்பட்டது என் கருத்தை மாற்றவில்லை.

பாண்ட்ஸின் வழக்கு அவ்வளவு எளிதன்று. 762 ஹோம் ரன்கள் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்த அவர், ஊக்கமருந்துச் சந்தேகம் தம்மைச் சூழ்வதற்கு முன்பே, 1998க்குள், மூன்று முறை மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்று, 400 ஹோம் ரன்களையும் 400 திருட்டு பேஸ்களையும் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) ஒருசேர எட்டிய முதல் வீரராகிவிட்டார். அந்தக் காலத்தை மட்டும் வைத்து நான் அவருக்கு வாக்களிப்பேன். ஆனால் திறமையோடு நேர்மையையும் ஒழுக்கத்தையும் எடைபோட வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருப்பதால், மறுத்தவர்களை அநியாயக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வாக்களிக்கும் பத்திரிகையாளர்கள் பத்து ஆண்டுகள் அவர் பெயரைப் பரிசீலித்தார்கள், 2022இல் கடைசி வாய்ப்பில் அவருக்கு 66 விழுக்காடு கிடைத்தது, தேவையானது 75. பிறகு, அவர்களிடம் தேறாதவர்களை மறுபடி பரிசீலிக்கும் பதினாறு பேர் குழுவும் இருமுறை பார்த்தது. அவருடைய வாதம் கேட்கப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் டெட்ராயிட் டைகர்ஸ் அணியின் மாநிலத்தில் இருந்துகொண்டு, அந்த அணியின் லூ விட்டேக்கரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாததுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1977 முதல் 1995 வரை இரண்டாம் பேஸில் அவரும் ஷார்ட் ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடைப்பட்ட இடம்) ஆலன் டிராமலும் அருகருகே ஆடினார்கள். தரையோடு வரும் பந்தை டிராமல் எடுத்து வீசுவார். விட்டேக்கர் பேஸை மிதித்தபடியே அதை வாங்கி, தம் கால்களை நோக்கிச் சறுக்கி வரும் ஓட்டக்காரரைத் தவிர்த்து, முதல் பேஸுக்கு எறிந்துவிடுவார். ஒரே பந்தில் இருவர் அவுட். 1984இல் உலகத் தொடரை வென்ற அணியின் முதுகெலும்பு இந்த இணை. விட்டேக்கர் 2,369 ஹிட்டுகள், 244 ஹோம் ரன்கள். டிராமல் 2,365 ஹிட்டுகள், 185 ஹோம் ரன்கள். டிராமலுக்கு அப்போதைய விதிப்படி பத்திரிகையாளர்களின் வாக்குச்சீட்டில் பதினைந்து ஆண்டுகள் இடமிருந்தது. அதில் தேறாதபோதும் 2017இல் குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. விட்டேக்கருக்கோ 2001இல் 515 பேரில் 15 பேர் மட்டுமே வாக்களித்தார்கள். ஐந்து விழுக்காட்டுக்குக் குறைந்தால் பெயரை நீக்கிவிடும் விதியால் முதல் ஆண்டிலேயே அவர் வெளியேறினார்.

சராசரியையும் ஹோம் ரன்னையும் மட்டுமே பார்த்துப் பழகியிருந்த வாக்காளர்களுக்கு, பொறுமையாக நின்று ஏறத்தாழ 1,200 முறை வாக் (எறிபவரின் நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் பேஸ்) பெற்றவரின் மதிப்பு தெரியவில்லை என்பதே என் எண்ணம். 2019இல் குழுவின் பதினாறு பேரில் ஆறு பேர் அவரை ஆதரித்தார்கள். பன்னிரண்டு வாக்குகள் வேண்டும். 2022 டிசம்பரிலும் 2025 டிசம்பரிலும் குழு எடுத்துக்கொண்ட எட்டுப் பெயர்களில் பாண்ட்ஸ் இருமுறையும் இருந்தார். விட்டேக்கர் ஒருமுறையும் இல்லை. எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத ஒருவரை இப்படிப் பார்வையிலிருந்தே விலக்கி வைப்பதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய அநியாயம்.

ஆகவே அடுத்த ஜனவரிக்கு முன்பு நீங்களும் மகனும் ஆளுக்கொரு வாக்குச்சீட்டு எழுதுங்கள். உண்மையான சீட்டைப் போலவே பத்துப் பெயர்களுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் காரணம் வேண்டும். வெளியே நிறுத்தும் பெயருக்கும் வேண்டும். முதலில் விட்டேக்கரின் கணக்குகளை இருவரும் சேர்ந்து பாருங்கள். அங்கே உங்களுக்குள் கருத்து வேறுபாடு வர வாய்ப்புக் குறைவு. பாண்ட்ஸுக்கு வரும்போது பேச்சை நீங்களே தொடங்குங்கள். ஊக்கமருந்துக் காலம் முழுவதும் ஆணையராக இருந்த பட் செலிக் 2017இலேயே ஹால் ஆஃப் ஃபேமுக்குள் சென்றுவிட்டார். அப்படியிருக்க, ஆட்டக்காரர்கள் மட்டும் வாசலில் நிற்பது உறுத்தவில்லையா என்று உங்கள் மகன் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு உங்கள் மறுப்பைச் சொல்லுங்கள்.