ஹேக் நகரில் ஒரு பகல்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் மூன்றே நாட்கள் தங்கி, ரைக்ஸ் மியூசியம், வான்கோ அருங்காட்சியகம் என்று ஓட்டமாக ஓடிப் பார்த்தேன். கால்வலிதான் மிச்சம். சாப்பாடும் உருளைக்கிழங்கு வறுவலும் சீஸுமாகவே கழிந்தது. வரும் மே மாதம் மறுபடி செல்கிறேன். இம்முறை எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

என் முதல் பயணமும் அப்படித்தான் முடிந்தது. ரைக்ஸ் மியூசியத்தில் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தின் முன்பு எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் பிறர் தூக்கிப் பிடித்த கைபேசிகளின் தரிசனம். அன்றிரவு சதுக்கத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில் (பெயர் வேண்டாம்) ஆறிப்போன மீனுக்குக் காசை அள்ளிக் கொடுத்தேன். ஆகவே அடுத்த முறை ரயிலேறி ஹேக் நகருக்குப் போனேன். ஒரு மணி நேரம்கூட ஆகாது. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

அங்குள்ள மௌரிட்ஸ்ஹௌஸ், ஓவிய அருங்காட்சியகமாகிவிட்ட ஒரு சிறிய மாளிகை, ஒரு காலைப்பொழுதுக்குள் அலுக்காமல் பார்க்கலாம். எல்லோரும் டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடணிந்த பெண்' ஓவியத்தைத் தேடிப் போவார்கள். நீங்கள் அவர் டெல்ஃப்ட் நகரை வரைந்த 'டெல்ஃப்ட் காட்சி' முன் அரைமணி நேரம் நில்லுங்கள். கரையோர மதிலும் வாயில்களும் மேகநிழலில் கிடக்க, ஊருக்குள்ளே தேவாலயக் கோபுரத்தின் மீது மட்டும் வெயில் விழுந்திருக்கும். வலப்பக்கப் படகின் கரிய உடலில் உள்ள வெளிர்புள்ளிகள் அருகில் போனால் வெறும் வண்ணத் திட்டுகள்; நான்கடி பின்வாங்கினால் நீரிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம். அதே மாளிகையில் ஃபப்ரீட்டியஸ் என்ற ஓவியர் 1654இல் வரைந்த, காலில் சங்கிலி பூட்டிய சிறு குருவியும் இருக்கிறது. அந்த ஆண்டிலேயே டெல்ஃப்டின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, ஊரின் ஒரு பகுதியோடு அவரும் மாண்டார். ஆறேழு ஆண்டுகள் கழித்து வெர்மீர் வரைந்த ஊரில் அதன் வடு ஒன்றும் தெரியாது.

மதியச் சாப்பாட்டை அந்த மாளிகையே முடிவு செய்துவிடுகிறது. அதைக் கட்டிய யோஹான் மௌரிட்ஸ், அடிமைகளின் உழைப்பில் கரும்பு விளைந்த டச்சு பிரேசிலின் ஆளுநராக இருந்தவர். ஊரார் அதைச் சர்க்கரை மாளிகை என்றே அழைத்தார்கள். தென்னமெரிக்காவில் டச்சுக்காரர்களின் இன்னொரு கரும்புக் காலனியான சூரினாமில் 1863இல் அடிமைமுறை ஒழிந்தது. 1873 முதல் பீகார், உத்தரப் பிரதேசப் பகுதிகளின் மக்களைக் கல்கத்தாவில் கப்பலேற்றி ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு சென்றார்கள். 1975இல் சூரினாம் விடுதலை பெற்றதையொட்டி அவர்களின் வழித்தோன்றல்களில் பலர் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, குறிப்பாக ஹேக்கில் நிலைகொண்டனர். அவர்களுடைய சிறு கடை ஒன்றில் ரொட்டி வாங்கிச் சாப்பிடுங்கள். பிய்க்கும்போதே உள்ளிருந்து மஞ்சள் பட்டாணிப் பொடி உதிரும். கூடவே கோழிக்குழம்பு, உருளைக்கிழங்கு, நீளப் பயற்றங்காய், ஒரு முட்டை. கையால்தான் சாப்பிட வேண்டும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இரவுக்கு இந்தோனேசிய உணவகம். 'ரைஸ்ட்டாஃபல்' என்றால் சோற்று மேசை. காலனி ஆட்சிக் காலத்தில் ஜாவாவின் டச்சுத் துரைமார் வளர்த்தெடுத்த ஆடம்பரம் அது. சோற்றைச் சுற்றிப் பத்துப் பதினைந்து சிறு தட்டுகள் வரும். அவற்றில் 'அச்சார்' என்று புளிப்பான ஊறுகாய் ஒன்று இருக்கும்; யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆனால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், பல இடங்களில் குறைந்தது இருவர் இருந்தால்தான் பரிமாறுவார்கள்.