நிலம் கூடியது, வருமானம் குறைந்தது: பிஷப்பை என்ன செய்வது?

கேள்வி: ‘க்ரூஸேடர் கிங்ஸ் 3’ கணினி விளையாட்டில் 1066-ல் தொடங்கி, அயர்லாந்தின் மன்ஸ்டர் பகுதியை ஆள்கிறேன். பக்கத்து நிலங்களைப் பிடித்ததில், வலது மேல் மூலையில் 7/5 என்று காட்டுகிறது. வருமானமோ முன்பைவிடக் குறைவு. தேவாலய நிலங்களிலிருந்து ஒன்றும் வருவதில்லை. பிஷப்புக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை. அவரை நீக்கலாமா? இரண்டு மகன்கள் இருக்கிறார்கள், நிலம் என்ன ஆகும்? டிஎல்சி (தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகள்) எல்லாம் இருந்தால்தான் இது சரியாகும் என்று சொல்லி, ஒருவர் 500 ரூபாய்க்கு மொத்தமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: அந்த 500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் சிக்கல் மூன்றுமே அடிப்படை விளையாட்டிலேயே இருப்பவை. அங்கேயே தீர்ந்துவிடும்.

7/5 என்றால், ஐந்து கோட்டைகளை நேரடியாக ஆளும் திறன் உள்ளவர் ஏழு கோட்டைகளை வைத்திருக்கிறார் என்று பொருள். கணக்கில் வருவது கோட்டை. ஒரே கவுண்டியில் (சிறு மாவட்டம் மாதிரி) இரண்டு கோட்டை வைத்திருந்தால் இரண்டும் சேரும். வரம்பைத் தாண்டினால் வெட்டு அந்தக் கூடுதல் இரண்டோடு நிற்காது, மொத்த வரியிலும் படையிலும் விழும். ஆகவே தலைநகர் இருக்கும் டச்சிக்குள் (சில கவுண்டிகள் சேர்ந்தது டச்சி, அதை ஆள்பவர் டியூக்) உள்ளவற்றை வைத்துக்கொண்டு, தள்ளியிருக்கும் இரண்டு கவுண்டிகளைக் கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் உங்கள் மதம், உங்கள் பண்பாடு, வளர்ந்த ஆள், பெரிய வம்சத்தைச் சேராதவர் என்று பார்த்துக் கொடுங்கள். வரம்பு பெரும்பாலும் அரசரின் ஸ்டூவர்ட்ஷிப், அதாவது நிர்வாகத் திறனைப் பொறுத்தது. மனைவிக்கு அந்தத் திறன் நன்றாக இருந்தால், அவையில் அவரை அந்த வேலைக்கே போடுங்கள்.

இனி பிஷப். கத்தோலிக்க ஆட்சியில் தேவாலய நிலங்கள் உங்கள் எல்லைக்குள் இருந்தாலும் அவர் கையில்தான் இருக்கும். உங்கள் பக்கத்தில் பாட்டத்துக்கு விட்ட நிலம் மாதிரி. ஆனால் இங்கே பாட்டம் எவ்வளவு என்பதை அவருக்கு உங்கள்மேல் இருக்கும் அபிப்பிராயம் முடிவுசெய்கிறது. அது மைனஸில் கிடந்தால் பணமும் வராது, படையும் வராது. நீக்கலாமா என்று கேட்டீர்கள். முடியாது, சாகும்வரை அவர்தான். முதலில் ஒரு அன்பளிப்பு அனுப்புங்கள். பிறகு அவர்மேல் ‘ஸ்வே’ திட்டத்தை, அதாவது மெல்ல மெல்ல அவர் மனதைக் கவரும் திட்டத்தைத் தொடங்குங்கள். அவர் முகத்தின் அருகிலுள்ள எண்ணின்மேல் மவுஸை வைத்தால் வெறுப்புக்கான காரணங்கள் வரிசையாக விரியும். பேராசை, காமம், கர்வம் போன்ற குணங்கள் கிறித்தவத்தில் பாவம். உங்கள் அரசருக்கு அவற்றில் ஒன்று இருந்தால் அந்தக் குறைவு அப்படியே நிற்கும், அன்பளிப்பாலும் ஸ்வேயாலும்தான் ஈடுகட்ட வேண்டும். இவ்வளவு முக்கியமான செய்தியை டூல்டிப்புக்குள் (மவுஸை வைத்தால் விரியும் குறிப்பு) டூல்டிப்பாக ஒளித்துவைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று யாருமே யோசிக்கவில்லை.

மகன்கள் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்களிடம் இப்போது இருப்பது ‘கான்ஃபெடரேட் பார்ட்டிஷன்’ என்ற வாரிசுச் சட்டம். நீங்கள் இறந்ததும் நிலம் இருவருக்கும் பிரியும். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். உண்மையான ஆபத்து பிரிவதில் இல்லை. நீங்கள் இருப்பது டியூக் தரத்தில். இரண்டாவது டச்சி ஒன்றில் பாதிக்கு மேல் கவுண்டிகளைப் பிடித்துவைத்திருந்தால், அந்தப் பட்டத்தை நீங்கள் உருவாக்காவிட்டாலும், இறக்கும்போது விளையாட்டே அதை உருவாக்கி இளையவருக்குக் கொடுத்துவிடும். அவரும் டியூக், மூத்தவரும் டியூக். சம தரம் என்பதால் இளையவர் தனி அரசராகப் போய்விடுவார். விதிவிலக்கு ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும்போதே அயர்லாந்து ராஜ்ஜியப் பட்டத்தை உருவாக்கிவிட்டால், மூத்தவர் ராஜா, இளையவர் அவருக்குக் கீழே டியூக். நிலம் பிரிந்தாலும் நாடு உடையாது. ஆனால் ராஜ்ஜியப் பட்டம் ஒன்றே ஒன்றாக இருக்கும்வரைதான் இது செல்லும். இரண்டாவது ராஜ்ஜியத்திலும் பாதிக்கு மேல் பிடித்தால் அதே கதை ஒரு படி மேலே திரும்ப நடக்கும். எனவே எல்லைக்கு வெளியே எங்கே பிடித்தாலும், எந்த டச்சி, எந்த ராஜ்ஜியத்தில் பாதியைத் தாண்டுகிறோம் என்று எண்ணிக்கொண்டு பிடியுங்கள்.

இப்போது அந்த 500 ரூபாய்க்காரர். இப்படி விற்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஸ்டீம் (கணினி விளையாட்டுகளை விற்கும் தளம்) தளத்தின் ஒரே கணக்கின் பாஸ்வேர்டைப் பல பேருக்கு விற்பது. யாராவது ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் எல்லோரும் வெளியே. இன்னொன்று, திருட்டுக் கார்டில் வாங்கிய கீ, அதாவது விளையாட்டைத் திறக்கும் குறியீடு. பணம் திரும்பப் பெறப்பட்டதும் கீ ரத்தாகும், விற்றவர் நம்பரை மாற்றியிருப்பார். ‘மோட் பேக்’ (ரசிகர்கள் செய்த மாற்றங்களின் தொகுப்பு) என்று தனியாகக் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் மோட் எல்லாம் இலவசம். ஸ்டோர் பக்கத்தில் டிஎல்சி பட்டியலை நீட்டி வைத்து, எல்லாம் வாங்கினால்தான் விளையாட முடியும் என்று மிரள வைப்பதும் இவர்களுக்குத்தான் வசதியாகப் போகிறது. நண்பர்களோடு சேர்ந்து ஆடினால், ஆட்டத்தை நடத்துபவரிடம் இருக்கும் டிஎல்சி சேர்ந்து ஆடும் எல்லோருக்கும் அந்த ஆட்டத்தில் கிடைக்கும். ஒருவர் வாங்கினால் போதும். நேராக ஸ்டீமில் வாங்கியது பிடிக்காவிட்டால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த ஆளிடம் அது நடக்காது.

ஏற்கெனவே அவர் கொடுத்த கணக்கில்தான் ஆடுகிறீர்கள் என்றால், இன்றே டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் பாரடாக்ஸ் இன்டராக்டிவ், அதற்குள் க்ரூஸேடர் கிங்ஸ் 3, அதற்குள் ‘சேவ் கேம்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து, உங்கள் மன்ஸ்டர் ஆட்டத்தைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் பெயரில் அடிப்படை விளையாட்டை மட்டும் வாங்குங்கள். டிஎல்சி கலந்து ஆடிய சேவ் அங்கே சரியாகத் திறக்காமல் போகலாம். அப்படியானால் 1066-லேயே மறுபடி தொடங்குங்கள், இம்முறை 5/5-ஐத் தாண்டாமல்.