பழைய பிஎம்டபிள்யூ 328ஐ கார் வாங்க ஆசை, இன்ஜின் பயம்: என்ன செய்யலாம்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், வயது 34. கன்டெய்னர் யார்டில் வேலை, கைக்கு 78,000 ரூபாய் வருகிறது. 2013 மாடல் பிஎம்டபிள்யூ 328ஐ ஒன்று 11 லட்சத்துக்கு வந்திருக்கிறது. சிறு வயதிலிருந்தே இந்தக் காரின் மேல் ஆசை. சேமிப்பு 4 லட்சத்தில் 3 லட்சம் போட்டு, மீதி 8 லட்சத்துக்கு 13% வட்டியில் ஐந்து வருட பர்சனல் லோன் எடுக்கலாமா? இன்ஜின் செயின் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாடகை, வீட்டுச் செலவு, குழந்தையின் பள்ளி, அம்மாவின் மருந்து, 10,000 ரூபாய் சீட்டு எல்லாம் போக மாதம் 20,000 மிஞ்சும். சீட்டு இன்னும் ஒன்பது மாதத்தில் முடிந்து 2 லட்சம் வரும்.

பதில்: நண்பர்கள் சும்மா பயமுறுத்தவில்லை. இந்தக் காரில் இருப்பது என்20 என்ற 2 லிட்டர் டர்போ இன்ஜின். அதில் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் வயதாக ஆக நொறுங்கும். செயின் நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். அமெரிக்காவில் இதற்காக வழக்கு நடந்து, செயினுக்கான வாரன்டியை நீட்டிக்க வேண்டிவந்தது. எல்லா வண்டிக்கும் இது நடப்பதில்லை, ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டிகள் நன்றாகவே ஓடுகின்றன.

ஆனால் உங்கள் கேள்வியை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். இன்ஜின் போகுமா என்று யாராலும் சொல்ல முடியாது. போனால் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதை இன்றே சொல்லிவிடலாம். 8 லட்சத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 18,200. உங்களிடம் மிஞ்சுவது 1,800. பெட்ரோலுக்கே அது போதாது. என் மைத்துனர் இப்படித்தான் ஒரு பழைய டர்போ கார் வாங்கினார். செயின் போய் நான்கு மாதம் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அந்த நான்கு மாதமும் ஐந்தாம் தேதி இ.எம்.ஐ. மட்டும் தவறாமல் போனது. அக்கா வளையலை அடகு வைத்துத்தான் வண்டியை வெளியே எடுத்தார்கள்.

இன்னொன்று, 2013 வண்டியின் ஆர்.சி.க்கு 15 வருடம் 2028-ல் முடிகிறது. உங்கள் கடன் அதற்கு அப்புறமும் ஓடிக்கொண்டிருக்கும். இன்சூரன்ஸையும் நம்பாதீர்கள். தேய்மானத்தால் வரும் இன்ஜின் பழுதுக்கு அதில் பணம் வராது. இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்தாலும் முக்கியமாக வெள்ளத் தண்ணீர் புகுந்தது போன்றவற்றுக்குத்தான் உதவும்.

அதனால் இந்த விலைக்கு, இந்தக் கடனில் வேண்டாம். ஒன்பது மாதம் பொறுங்கள். 4 லட்சம், சீட்டுப் பணம் 2 லட்சம், மாதம் 20,000 வீதம் 1.8 லட்சம், ஆக 7.8 லட்சம் கையில் இருக்கும். வண்டிக்கு 8 லட்சம்தான் உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 லட்சம் கையிலிருந்து, 3 லட்சம் மூன்று வருடக் கடன். அதே 13% வட்டிக்கு இ.எம்.ஐ. சுமார் 10,100 வரும். மிச்சமிருக்கும் 2.8 லட்சத்தைத் தனி டெபாசிட்டில் போடுங்கள், அது இன்ஜினுக்கு மட்டும். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணத்தை இதோடு கலக்காதீர்கள். சீட்டு முடிந்தபின் மிஞ்சும் 30,000-ல் இ.எம்.ஐ. போக மீதியிலிருந்து அதைத் தனியாகச் சேருங்கள்.

அதுவரை வண்டி பார்க்கப் போனால், காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றும்போது கூடவே ஏறும் கீச்சென்ற ஊளைச் சத்தம் கேட்டால் அது செயின் பக்கத்துச் சத்தமாக இருக்கலாம். இந்த இன்ஜினில் டிப்ஸ்டிக் கிடையாது, ஆயில் அளவைத் திரையில்தான் பார்க்க முடியும். அதனால் பழகிய மெக்கானிக்கை வைத்து ஆயில் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டர் மடிப்புக்குள் நகத்துண்டு போல பிளாஸ்டிக் சில்லுகள் தெரிந்தால் கைடு உடையத் தொடங்கிவிட்டது.

நம் பக்கத்து வண்டி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் அது எங்கே நின்றது என்று கேளுங்கள். பேட்டரி டிக்கியில் இருப்பதால் டிக்கித் தரையைத் தூக்கி, ஓரங்களில் சேறு காய்ந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வருடத்துக்குப் பிந்தைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேட்டு வாங்குங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், ஏன் என்று விசாரித்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

செயினும் கைடும் மாற்றிய பில் இருந்தால், 8 லட்சத்துக்கு மேலே கொஞ்சம் கொடுப்பதில் தவறில்லை. அந்த அளவுக்கு இன்ஜின் டெபாசிட்டைக் குறைத்துக்கொள்ளலாம். பில் இல்லாவிட்டால், மெக்கானிக்கிடம் அந்த வேலைக்கு எஸ்டிமேட் எழுதி வாங்கி, அந்தத் தாளை விற்பவர் முன்னால் வைத்தே விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.