நூலும் வறுத்த சோறும்

அன்புள்ள அக்கா,

திருப்பூர்ல ஒரு நிட்டிங் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். மெஷின், நூல், பட்டன்னு தினமும் சைனாக்காரங்களோட தான் பொழப்பு. போன வருஷம் கெச்சியாவ் துணி மார்க்கெட்டுக்கு அனுப்புனாங்க, வந்ததுல இருந்து சைனீஸ் கத்துக்கிட்டே தீரணும்னு இருக்கேன். பேச்சு கொஞ்சம் வருது, எழுத்து தான் உயிர எடுக்குது. ஒரு ஆப்ல மரம், மலை, வாய்னு படம் காட்டி சொல்லித் தந்தாங்க, ஆரம்பம் ஈஸியா போச்சு, அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரே குழப்பம். நூல் பெட்டில பாத்த எழுத்தும் ராத்திரி ஹோட்டல் மெனுல வறுத்த சோத்துக்கு போட்டிருந்த எழுத்தும் ஒண்ணுன்னே நெனச்சுட்டேன். எந்த ஆப் நல்லது? பழைய எழுத்து கத்துக்கறதா, சுருக்கின புது எழுத்தா? கையால எழுதணுமா, பாத்து படிச்சா போதாதா? சைனாக்காரங்களே போன்ல தட்டித் தட்டி எழுத மறந்துட்டாங்கன்னு சொல்றாங்களே. எனக்கு 34 வயசு, இனிமே இதெல்லாம் ஏறுமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

கெச்சியாவ்னு பாத்ததும் மத்த கடிதத்த எல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு உங்களுக்கு உக்காந்துட்டேன். வீட்டுக்காரர் துணி வியாபாரத்துக்காக நாங்க அங்க குடியிருந்தோம், ஷாவ்ஷிங் பக்கம், கி.பி. 353ல வாங் ஷீஜிங்கற பெரிய எழுத்துக்கலைஞர் தூரிகை எடுத்து எழுதின லான்திங் மண்டபம் அங்கயிருந்து கூப்பிடு தூரம். அது ஒரு காரணம். இன்னொண்ணு, இந்த "பத்து நிமிஷத்துல ஐம்பது சீன எழுத்து" வீடியோக்கள பாத்துப் பாத்து எனக்கு ரொம்ப நாளாவே வயித்தெரிச்சல், நீங்க அதுல அடிபட்ட ஆளா வந்து நிக்கறீங்க.

ஆப் எதுன்னாலும் ஒண்ணு தான், அத விடுங்க.

உங்க நூலையும் வறுத்த சோத்தையும் எடுத்துக்குவோம். ரெண்டு எழுத்துலயும் வலது பக்கம் அச்சு அசலா ஒண்ணே தான், நடுவுல ஒரு நேர்க்கோடு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி, கீழ இடது பக்கமா நீளமா இறங்கற ஒரு சாய்கோடு. அத தனியா எழுதினா 'ஷாவ்', கொஞ்சம்னு அர்த்தம். நீங்க அத மட்டும் பாத்தீங்க, இடது பக்கத்த பாக்கவே இல்ல. நூலுக்கு இடது பக்கம் பட்டு இழை, வறுக்கறதுக்கு இடது பக்கம் நெருப்பு. அதே இடத்துல மூணு துளி தண்ணி வெச்சா மணல். நூலும் 'ஷா', மணலும் 'ஷா', வறுக்கறது 'ச்சாவ்'. இப்ப தெரியுதா, வலது பக்கம் சத்தம் சொல்லுது, இடது பக்கம் அது எந்த ஜாதிப் பொருள்னு சொல்லுது. உங்க ஆப் இத சொல்லிச்சா? மலைய பாரு மூணு சிகரம் இருக்கு, மரத்த பாரு கிளை இருக்குன்னு படம் காட்டிட்டு, படம் தீந்ததும் உங்கள நடுத்தெருவுல விட்டுட்டு போயிருச்சு.

படமாவே வந்த எழுத்துங்க சில நூறு தான் தேறும், மொத்த எழுத்துல 80 சதவீதத்துக்கு மேல இந்த மாதிரி சத்தம் ஒரு பக்கம் பொருள் ஒரு பக்கம்னு சேத்துக் கட்டினது. இத நான் கண்டுபிடிக்கல, கி.பி. 100லயே ஷு ஷென்னு ஒரு அறிஞர் 9,353 எழுத்த எடுத்து 540 தலைப்புல பிரிச்சு அகராதி எழுதி முடிச்சுட்டாரு. அவ்வளவு பழைய விஷயத்த இன்னிக்கு கத்துக்க வர்றவங்க கிட்ட மறைச்சு, சீன எழுத்துன்னா ஓவியம்னு சொல்லி விக்கறாங்க பாருங்க, அது தான் எனக்கு ஆத்திரம். நம்ம பிள்ளைங்கள 247 எழுத்தையும் தனித்தனிப் படமா மனப்பாடம் பண்ணச் சொன்னா அழுதுட்டு ஓடிரும். 12 உயிரும் 18 மெய்யும் புள்ளி கொம்பு துணைக்காலும் எப்படி சேருதுன்னு புடிபட்டதும் தானே அது வாசிக்க ஆரம்பிக்குது? அங்கயும் உறுப்புங்க, அதாவது எழுத்துக்குள்ள சேர்ற அந்த துண்டுங்க தான் உயிர்நாடி.

சரி, உங்க தொழில வெச்சே சொல்றேன். அந்த பட்டு இழை உறுப்பு இருக்கே, அது உங்களுக்கு சோறு போடற உறுப்பு. அது பக்கத்துல 'ஃபாங்'னு ஒரு எழுத்த வெச்சா நூற்கறது, அதுவும் 'ஃபாங்'. 'ஜி'ய வெச்சா நெய்யறது, அதுவும் 'ஜி'. 'ஃபெங்' வெச்சா தைக்கறது, 'ஃபெங்'. வேலைன்னு அர்த்தம் வர்ற 'கோங்' வெச்சா சிவப்பு, 'ஹோங்'. 'லு' வெச்சா பச்சை, அதையே கொஞ்சம் உதட்ட குவிச்சு சொல்லணும். சிவப்புக்கும் பச்சைக்கும் எதுக்கு பட்டு இழைன்னு வேற யாருக்காவது வெளக்கணும், சாயப்பட்டறை ஊர்க்காரர் உங்களுக்கு வேண்டியதில்ல, பட்டுக்கு ஏத்தின சாயத்தோட பேரு தான் அது. பேப்பருக்கும் இதே பட்டு இழை தான். ஊசிக்கு மட்டும் உலோகம். ஊசி எழுத்தையும் நெய்யற எழுத்தையும் சேத்துப் போட்டா 'ஜென்-ஜி', நிட்டிங், நீங்க வாங்கற பாதி மெஷின் மேல அது தான் எழுதியிருக்கும், போய்ப் பாருங்க. நிறுத்தற பட்டன்ல இருக்கற 'திங்' ஒரு ஆளும் ஒரு மண்டபமும், அந்த மண்டபத்துக்கு சத்தம் 'திங்'.

ரெண்டாயிரம் வருஷத்துல உச்சரிப்பு நெறைய நகந்துருச்சு, அதனால வலது பக்கம் எப்பவும் அச்சா சத்தம் சொல்லும்னு நம்பிறாதீங்க, 'கோங்' 'ஹோங்' ஆன மாதிரி சில இடத்துல சாயல் தான் இருக்கும், சில இடத்துல அதுவும் இருக்காது. இருந்தாலும் கண்ணக் கட்டிட்டு நடக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

சைனாக்காரங்க இத எப்படி புழங்கறாங்கன்னு நீங்களே கேட்டிருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க. ஒருத்தர் தன் பேரு ஜாங்னு சொல்வாரு, எந்த ஜாங்னு கேட்டா "வில்-நீளம் ஜாங்"ம்பாரு, இன்னொருத்தர் "நில்-விடியல் ஜாங்"ம்பாரு. லீன்னா மரம்-பிள்ளை, சென்னா காது-கிழக்கு. ஃபோன்லயே கூட அப்படித்தான் சொல்வாங்க. நேர்ல இருந்தா உள்ளங்கைய நீட்டி விரலால எழுதிக் காட்டுவாங்க. மை கிடையாது, பேனா கிடையாது, ஆனா எதிர்ல இருக்கறவருக்கு புரிஞ்சிரும். எப்படி? விரல் எந்த கோட்ட முதல்ல போட்டுச்சு எத அடுத்து போட்டுச்சுன்னு அந்த வரிசைய வெச்சு தான்.

இங்க தான் உங்க மூணாவது கேள்வி மேல எனக்கு கோவம். "எழுதணுமா"ன்னு கேக்கறீங்க. எழுதணும். பேப்பர்ல, பேனாவால, வரிசை மாறாம எழுதணும். பட்டு இழைய எழுதிப் பாருங்க, இடது பக்கம் சாய்ச்சு இறக்கி அப்படியே வலது பக்கம் மடக்கி இழுக்கணும், அதுக்கு கீழ அதே மாதிரி இன்னொண்ணு, கடைசியா கீழயிருந்து மேல ஒரு கோட்ட ஏத்தி விடணும். மூணே கோடு. நெருப்புக்கு நாலு கோடு, ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு, அப்புறம் நடுவுல நீளமா இறங்கற ஒண்ணு, கடைசியா ஒரு புள்ளி, அதுல எங்கயும் மடக்கே கெடையாது. ஒரு பக்கம் இத எழுதின கைக்கு நூலும் வறுவலும் ஒண்ணா தெரிய வாய்ப்பே இல்ல. கண்ணு ஏமாறும், அது மொத்தமா ஒரு கொத்த பாத்துட்டு நகந்துரும், கை தான் ஒவ்வொரு கோட்டையும் தொட்டுட்டு போகுது.

மேலயிருந்து கீழ, இடதுலயிருந்து வலது, படுக்கைக்கோடு முதல்ல நேர்க்கோடு அப்புறம். நாடுங்கற எழுத்து மாதிரி சுத்தி கட்டம் வந்தா, உள்ள போக வேண்டியத எல்லாம் எழுதிட்டு அடிக்கோட்ட கடைசில போடணும், ஆள் உள்ள போனப்புறம் கதவ சாத்துன்னு அங்க ஒண்ணாம் வகுப்பு பிள்ளைங்களுக்கு சொல்லித் தர்றாங்க. வாய்ங்கற எழுத்து வெறும் சதுரம் தானேன்னு நாலு கோடா போடாதீங்க, அது மூணு கோடு, மேல் கோடும் வலது கோடும் ஒரே இழுப்பு.

சைனாக்காரங்க எழுத மறந்துட்டாங்களாம். அவங்க பிள்ளைங்க முதல் ரெண்டு வகுப்புலயே சுமார் 1,600 எழுத்து படிக்கவும் 800 எழுத்து எழுதவும் பழகணும், ஆறாவது முடிக்கறப்ப 3,000 படிக்கணும் 2,500 எழுதணும், பாடத்திட்டத்துலயே இருக்கு. அப்படி எழுதி எழுதி வளந்த ஆளு நாப்பது வயசுல ஏதோ ஒரு எழுத்துக்கு பேனாவ புடிச்சுட்டு ஒரு நிமிஷம் தெகைக்கறதும், ஒரு எழுத்து கூட எழுதிப் பாக்காத நீங்க நானும் அப்படியே இருந்துக்கறேன்னு சொல்றதும் ஒண்ணா தம்பி? அவங்க போன்ல உச்சரிப்ப தட்டினதும் வரிசையா பத்து எழுத்து வருது, அதுல சரியானத கண்ணிமைக்கற நேரத்துல தொடறாங்களே, அந்த கண்ணு எங்கயிருந்து வந்துச்சு?

அதுக்காக எல்லாத்தையும் எழுதுங்கன்னு சொல்லல. வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு 2021ல அவங்க போட்ட தரப்பட்டியல்லயே முதல் மூணு நிலைக்கு 900 எழுத்து படிக்கத் தெரியணும், எழுத 300 போதும்னு பிரிச்சு தான் வெச்சிருக்காங்க. அந்த 300 போதும், உறுப்புங்க எல்லாம் அதுலயே கைக்கு வந்துரும்.

எனக்கு இதெல்லாம் வந்தது எங்களுக்கு கீழ் வீட்டுல இருந்த ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மா கிட்ட. நோட்டுல பக்கம் பூரா எழுதி எடுத்துட்டு போனா, தப்பு ஒண்ணையும் தொட மாட்டாங்க, நல்லா வந்த எழுத்த மட்டும் தேடிப் புடிச்சு அத சுத்தி சிவப்பு மைல ஒரு வட்டம். நம்ம ஊர்ல சிவப்பு மைய பாத்தாலே வயித்த கலக்கும், அங்க அதுக்காக ஏங்கிட்டு இருப்பேன். ஒரு பக்கத்துல ரெண்டு வட்டம் விழுந்தா அன்னிக்கு சமையல்ல கூட ஒரு உற்சாகம்.

அவங்க இளவயசுல, 1950கள்ல, கிராமத்துல ராத்திரி எழுத்தறிவு வகுப்பு எடுத்தவங்க. வயலுக்கு போயிட்டு வந்த பொம்பளைங்க, மடில தூங்கற பிள்ளையோட வந்து உக்காருவாங்களாம். அவங்களுக்கு மரம், மலை, நிலான்னு ஆரம்பிக்கல. முதல்ல அவங்கவங்க பேரு, அப்புறம் வயலோட பேரு, மம்முட்டி, கோதுமை, அப்புறம் எண்ணு. ஏன்னா கூட்டுப்பண்ணைல அன்னிக்கு செஞ்ச வேலைக்கு எத்தன புள்ளின்னு, அதாவது கூலிக்கான மார்க்க, ஒரு நோட்டுல எழுதுவாங்க, அத படிக்கத் தெரியலன்னா எழுதறவன் சொல்றது தான் கணக்கு. ஒரு அம்மா முதல் தடவையா தன் பேருக்கு நேர இருந்த புள்ளிய தானே வாசிச்சு, இது கொறையுதேன்னு எழுந்து நின்னு கேட்டுச்சாம். அத சொல்றப்ப டீச்சரம்மா குரலே மாறிரும், எனக்கும் இப்ப எழுதறப்ப என்னமோ பண்ணுது.

அதனால வயசப் பத்தி என்கிட்ட பேசாதீங்க. முதல் உலகப்போர்ல பிரான்சுக்கு சுமார் 1,40,000 சீனக் கூலிக்காரங்கள கொண்டு போனாங்க. 1918ல யென் யாங்சூன்னு ஒரு இளைஞர் அங்க போய், அவங்களுக்காக வீட்டுக்கு கடுதாசி எழுதிக் கொடுத்துட்டிருந்தவரு, எத்தன நாளைக்கு நான் எழுதறது நீங்களே எழுதுங்கன்னு வகுப்பு ஆரம்பிச்சுட்டாரு. பகலெல்லாம் மூட்டை தூக்கி, பள்ளம் தோண்டின ஆளுங்க தங்களுக்குத் தேவையான எழுத்தக் கத்துக்கிட்டு ஊருக்கு தானே கடுதாசி போட்டாங்க. பின்னாடி சைனா வந்து அவரு ஆயிரம் எழுத்து பாடமா அத போட்டு நாடு பூரா கொண்டு போனாரு. நீங்க 34 வயசுல, ஃபேன் காத்துல உக்காந்து, ஏறுமான்னு கேக்கறீங்க. நல்லா ஏறும் ராசா. உங்களுக்கு வேண்டிய எழுத்து உங்க குடோன்லயே பெட்டி பெட்டியா கெடக்கு, இன்வாய்ஸ்ல இருக்கு, மெஷின் பட்டன்ல இருக்கு. அதுல இருந்து ஆரம்பிங்க, மலையும் நிலாவும் அப்புறம் வரட்டும்.

பழைய எழுத்தா புதுசான்னு கேட்டீங்க. நீங்க பாக்கற பெட்டி, மெஷின் எல்லாத்துலயும் 1956ல இருந்து சுருக்கின எழுத்து தான் இருக்கு, அதையே படிங்க. தைவான்ல பார்ட்டி புடிச்சா பழைய எழுத்த அப்ப பாத்துக்கலாம்.

அவங்க எழுதிப் பழகற நோட்டுல ஒவ்வொரு கட்டத்தையும் நடுவுல குறுக்கும் நெடுக்கும் புள்ளிக்கோடு போட்டு நாலா பிரிச்சிருக்கும், எந்த உறுப்பு எவ்வளவு எடத்த எடுக்கணும்னு தெரியறதுக்கு. அது இங்க கெடைக்கலன்னு உக்காந்துறாதீங்க, பெரிய கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கி நாலு கட்டத்த ஒரு கட்டமா வெச்சுக்கோங்க. நூல், நூற்கறது, நெய்யறது, தைக்கறது, சிவப்பு, பச்சை, ஊசி, நிறுத்து, இந்த எட்டையும் தலைக்கு ஒரு பக்கம் எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க. கூடவே அந்த வறுவலும் ஒரு பக்கம்.