கூடாரம் இல்லாமல் நெவாடாவைக் கடப்பது

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 50ஆம் எண் நெடுஞ்சாலையை, கூடாரம் சுமக்காமல் மோட்டல்களில் (சாலையோர விடுதிகளில்) மட்டும் தங்கி, சைக்கிளில் நாளுக்கு 80 கிலோமீட்டர் வீதம் கடக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். மோட்டல் சரி, 80 சரிப்படாது. அங்கே தினசரி தூரத்தை முடிவு செய்வது நம் கால்கள் அல்ல, ஊர்கள்தான்.

ஃபாலனிலிருந்து மிடில்கேட் சுமார் 75 கிலோமீட்டர். அதில் சிக்கல் இல்லை. அடுத்து ஆஸ்டின், ஏறக்குறைய 100. ஆஸ்டினிலிருந்து யுரேகா 110க்குச் சற்று மேல். யுரேகாவிலிருந்து ஈலி 124. இந்த நாள்தான் ஆளை வாட்டும். நான்கு கணவாய்கள், மூன்று 2,200 மீட்டருக்கும் மேலே. வழியில் கடையும் இல்லை, குழாயும் இல்லை. ஆறு லிட்டர் தண்ணீராவது கட்டிக்கொள்ளுங்கள், விடியுமுன் கிளம்புங்கள்.

காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். ஆகவே கிழக்கு நோக்கிப் போவதே புத்திசாலித்தனம்.

ஆஸ்டின் மிகச் சிறிய ஊர், மோட்டல்களும் சொற்பம். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். தொலைபேசியில் பேசும்போதே தரைத்தள அறை கேளுங்கள். சைக்கிளை உள்ளே வைக்கலாமா என்றும் கேட்டுவிடுங்கள். சங்கிலி மசகை அவர்களுடைய வெள்ளைத் துண்டில் மட்டும் துடைத்துவிடாதீர்கள், பழைய துணி ஒன்று பையில் இருக்கட்டும். மறுநாள் காலை உணவை முந்தைய மாலையே வாங்கி வையுங்கள். நீங்கள் கிளம்பும் நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது.