உப்புக்காற்றும் லோயர் ஆர்மும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மண்டபத்தில் இருக்கிறேன். 2008 மாடல் ஆல்டோ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போய்வரும். சில நாள் டிக்கியில் மீன்பெட்டியும் ஏறும். கொஞ்ச நாளாக மெதுவாகப் போகும்போது முன்பக்கம் இடதுபுறத்தில் ‘கடக் கடக்’ என்கிறது. பிரேக் பிடித்தால் ஒரே ஒரு ‘டொக்’. வண்டியும் லேசாக இடது பக்கம் இழுக்கிறது. பட்டறையில் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றச் சொல்கிறார்கள். பைக் வேலையெல்லாம் வீட்டிலேயே பார்த்துப் பழக்கம். இதையும் நானே செய்யலாமா? என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

செய்யலாம். ஆனால் ஷாக் அப்சார்பரை மாற்றினால் அந்தச் சத்தம் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. முன்பக்கம் எது தட்டினாலும் பழி ஷாக் மேல்தான் விழுகிறது. ஷாக் போய்விட்டால் வண்டி குழியில் இறங்கி ஏறியபின் நிற்காமல் ஆடும், பள்ளத்தில் தூக்கிப்போடும். பிரேக்கில் ஒற்றை ‘டொக்’ வருவதும் ஒருபக்கம் இழுப்பதும் அதன் குணம் இல்லை.

உங்கள் மாடலில் லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தை அடியில் பாடியோடு இணைக்கும் கை, ஓர் ஒற்றைப் பட்டை. உள்முனை ஒரே போல்ட்டில் நிற்கிறது, வெளிமுனை பால் ஜாயிண்ட் என்ற குமிழ் மூட்டு வழியாக, சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பான நக்கிளில் சேர்கிறது. ஆர்ம் முன்பின் ஆடாமல் பிடித்துவைப்பது, இரண்டு ஆர்மையும் இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பார்தான். பாரின் முனை ஆர்மில் உள்ள துளைக்குள் நுழைந்து, இருபுறமும் ரப்பர் புஷ், வாஷர், கடைசியில் நட் என்று நிற்கும். அந்த ரப்பர் நைந்துவிட்டால், பிரேக் பிடித்ததும் சக்கரம் பின்னால் நகர்ந்து இரும்பில் இரும்பு தட்டும். சக்கரத்தின் கோணமும் அந்த நொடியில் மாறும். இழுப்பு அதனால்தான். உறுதிசெய்ய, ஆளில்லாத இடத்தில் ஊர்ந்தபடி முன்னால் போய் ஒரு பிரேக், ரிவர்ஸில் வந்து ஒரு பிரேக் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ‘டொக்’ வந்தால் முதல் சந்தேகம் இந்த புஷ்.

அதோடு நிறுத்தாமல் மற்றதையும் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் கடப்பாரை போன்ற ஒன்றைக் கொடுத்து நெம்பினால் பால் ஜாயிண்டின் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராடு எண்ட், அதாவது ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு. பிறகு வண்டியை இறக்கி, பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி) தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிங் இறுகி இறுகி ‘டங்’ என்று விட்டால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் போய்விட்டது. ஷாக்கின் உடம்பில் லேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தால் மட்டும் ஜோடியாக மாற்றுங்கள்.

வாங்க வேண்டியது: பால் ஜாயிண்டும் புஷ்ஷும் சேர்ந்தே வரும் லோயர் ஆர்ம் 2, ஸ்டெபிலைசர் புஷ் செட் (ஆர்ம் முனைக்கும் பாடி கிளாம்ப்புக்கும் தனித்தனி, இரண்டும் வேண்டும்), ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட் 2, புது காட்டர் பின், புது நட்டுகள், ஆர்மின் உள்போல்ட் 2. ஆர்மின் உள்முனைப் புஷ்ஷை மட்டும் வாங்கி சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். அழுத்தி ஏற்றும் பிரஸ் மெஷின் இல்லாமல் நேராக ஏறாது. உள்போல்ட்டை முன்கூட்டியே வாங்கச் சொல்வதற்குக் காரணம் உங்கள் ஊர்.

ஒருபக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. பாலத்தில் போகும்போதெல்லாம் உப்புச்சாரல் அடியில் படிகிறது. மீன்பெட்டியில் கசியும் ஐஸ்தண்ணீர் டிக்கித் தரையைத் தின்பது தனிக்கதை. மதுரையில் அரைநாளில் கழன்றுவிடும் போல்ட் இங்கே கழலாது. அதிலும் ஆர்மின் உள்போல்ட், புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். ஸ்பானரைத் திருப்பினால் தலை சுற்றும், குழாயும் கூடவே சுற்றும், ரப்பர் கிழியும், போல்ட் மட்டும் வெளியே வராது. கழற்றிவிட்டோம் என்று நினைத்து இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் வேலைக்கு மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். எல்லா நட்டையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, தினமும் மாலையில் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். பிரேக் டிஸ்க்கில் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள். கழற்றும்போது ஒரே மூச்சில் திருப்பக் கூடாது. கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று துருவை உடைத்துக்கொண்டே வர வேண்டும். ஆறுமுனை பாக்ஸ் ஸ்பானரே வேண்டும். பன்னிருமுனை துருப்பிடித்த தலையை உருட்டிவிடும். 12, 14, 17, 19 அளவுகளைக் கையில் வைத்திருங்கள். அப்படியும் போல்ட் அசையாமல் முறுக்கிக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். போல்ட் உள்ளேயே முறிந்தால் அதன்பின் வெல்டர் வேலை. கிரைண்டரால் அறுப்பதோ கேஸ் வைத்துச் சூடாக்குவதோ பட்டறைக்காரர் செய்யட்டும். பக்கத்தில் பிரேக் ஹோஸ் இருக்கிறது.

வண்டியைத் தூக்குவது பற்றி. மணல் முற்றத்தில் ஜாக்கி சாய்ந்துவிடும். சிமெண்ட் தரை இல்லாவிட்டால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை போடுங்கள். பனஞ்சட்டம் இருந்தால் நல்லது. ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுக்கவே வேண்டாம், சொல்லாமல் நொறுங்கும். இரண்டு முன்சக்கரத்தையும் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். ஒரு சக்கரம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், நட்டும் இளகாது, பாரும் துளையைவிட்டு வராது.

கழற்றும் வரிசை இது. முதலில் பாரின் முனை நட்டு. வாஷர் எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் படம் எடுத்துவிடுங்கள். அடுத்து பாரைப் பாடியோடு பிடித்திருக்கும் இரண்டு கிளாம்ப். அவற்றைத் தளர்த்தினால்தான் பார் முன்னால் நகர்ந்து வழிவிடும். பிறகு நக்கிளில் பால் ஜாயிண்டை இறுக்கும் கிளாம்ப் போல்ட். இது பால் ஜாயிண்ட் தண்டில் உள்ள பள்ளத்தின் வழியாகப் போவதால், தளர்த்தினால் போதாது, முழுக்க உருவ வேண்டும். அதை விட்டுவிட்டு ஆர்மைச் சுத்தியலால் அடிப்பவர்கள் நிறைய. நக்கிளின் பிளவில் உளியைக் கொஞ்சமாக நுழைத்து விரித்தால் தண்டு இறங்கிவிடும். அதிகம் விரித்தால் வார்ப்பு விரிசல் விடும். கடைசியாக உள்போல்ட்.

ஆர்ம் கழன்றதும் நக்கிள் வெளியே சாயும். அப்போது ஆக்சில் உள்முனையில் உருவிக்கொள்ளும், அதன் ரப்பர் உறையும் கிழியும். ஒரு கயிற்றால் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஆக்சில் நட்டுக்கு இந்த வேலையில் சம்பந்தமே இல்லை.

டை ராடு எண்டை மாற்றுவதானால், லாக் நட்டை இளக்கியபின் எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணி, புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். தண்டின் மரையில் அடிக்காமல் நக்கிளின் கண்ணைப் பக்கவாட்டில் அடித்தால் கழலும்.

ஷாக் மாற்ற நேர்ந்தால் ஒரே எச்சரிக்கை: மேலே நடுவில் இருக்கும் நட்டை வண்டியில் வைத்துத் திறக்காதீர்கள். ஸ்பிரிங் அழுந்தி நிற்கிறது, ஆளைக் கொல்லும். பிரேக் ஹோஸ் கிளிப், நக்கிளில் உள்ள இரண்டு போல்ட், பானெட்டுக்குள் இருக்கும் சிறு நட்டுகள் இவற்றை எடுத்து, ஸ்ட்ரட்டை முழுசாகப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கே பிரிக்கும்போது ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டில் மணலும் உப்பும் தங்கி, கடற்கரை வண்டிகளில் ஸ்பிரிங் ஒடிவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி, வீட்டில் வேலை பார்ப்பவர்கள் அதிகம் தவறவிடும் இடம். ஆர்மின் உள்போல்ட்டையும் பாரின் நட்டையும் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. புஷ்ஷின் ரப்பர், இரும்புக் குழாயோடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும். புதுசு சீக்கிரமே கிழியும். பிறகு ‘பார்ட்ஸ் டூப்ளிகேட்’ என்று கடைக்காரரிடம் சண்டை. கையளவு இறுக்கிவிட்டு, சக்கரம் மாட்டி, இரண்டு முன்சக்கரத்துக்கும் அடியில் நாலங்குலப் பலகை வைத்து இறக்குங்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை இரண்டு தடவை அழுத்தி விட்டபின் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கு. அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். நக்கிளின் கிளாம்ப் போல்ட்டை மட்டும் தூக்கிய நிலையிலேயே முழுதாக இறுக்கலாம்.

உள்போல்ட்டின் உடம்பில், குழாய்க்குள் நிற்கும் பகுதியில் மட்டும், காப்பர் கிரீஸ் தடவுங்கள். மரையில் தடவினால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இறுகும். துருவைத் தடுக்கிறேன் என்று பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு; ரப்பர் ஊதிப் பிய்ந்துபோகும். தனுஷ்கோடி போய்வந்தால் அடியைக் கழுவுவது நல்லதுதான், ஆனால் உவர்ப்பான போர் தண்ணீரால் கழுவினால் உப்பை இன்னொரு தடவை பூசுகிறீர்கள்.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். அதற்குமுன்பே ராமநாதபுரம் போய் வீல் அலைன்மெண்ட் செய்துவிடுங்கள். இந்த வண்டியில் சரிசெய்ய முடிவது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். கேம்பரையும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) சரிசெய்ததாகச் சொன்னால் அச்சிட்ட தாளைக் கேளுங்கள். அதில் இடது, வலது கேம்பர் கணிசமாக வேறுபட்டிருந்தால் நக்கிளோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கிறது. அந்தத் தாளோடு எழுதுங்கள், பார்க்கலாம்.

அன்புடன்