கண் முகாமில் பதிந்தவர்கள் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு வராதது பற்றி

அறுவைச் சிகிச்சைத் தேதியைக் காப்பிப் பழப் பறிப்பு முடிந்த பிறகு வையுங்கள். நோயாளியுடன் வீட்டார் ஒருவருக்கும் வண்டியில் இடம் கொடுங்கள். ஏற்காட்டில் உங்கள் அரிமா சங்கம் (லயன்ஸ் கிளப்) டிசம்பரில் நடத்திய முகாமில் கண்புரை கண்டறியப்பட்ட முப்பது பேரில் நால்வரே சேலத்துக்கு இறங்கி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பயத்தைவிடக் கூலி இழப்பே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும். தோட்டத்தில் வேலை மிகுந்திருக்கும் அந்த மாதங்களில், புரை அகற்றியவர் சில வாரங்கள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, தூசியும் அடுப்புப் புகையும் படாமல் இருப்பது எளிதன்று.

உறுதிசெய்துகொள்ள, வராதவர்களில் ஐந்தாறு பேரை மாலையில் வீட்டிலேயே சென்று கேளுங்கள். நான் அவ்வாறு சென்றபோது, சங்கம் கொடுத்த சீட்டை மஞ்சள் பைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த பாட்டி ஒருவர், "கண்ணுல கட்டோட இருபது கொண்டை ஊசி வளைவையும் தனியா எப்படிங்க ஏறி வருவேன்?" என்றார்.

1925இல், பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் அரிமா சங்கத்தாரிடம் பார்வையற்றோருக்குத் துணை நிற்கும்படி வேண்டினார்; அந்த வேண்டுகோளை ஏற்ற நாம் பதிவேட்டோடு நின்றுவிடக் கூடாது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: கண்ணில் வலி, சிவப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு உள்ளவர்களைப் பறிப்பு முடியும்வரை காத்திருக்க வைக்காமல் உடனே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.